வலர் மொர்கூலிஸ் என்றால் என்ன பதில்? டுவோலிங்கோவின் ஹை வலிரியன் பாடம்: ஒரு மதிப்பீடு

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்காக உருவாக்கிய ஹை வலிரியன் மொழியைப் படிக்க, மொழி கற்பிக்கும் செயலியான டுவோலிங்கோவைத் திறக்கிறவர்களில் பலருக்கு இரண்டு வாக்கியங்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒருவர் "வலர் மொர்கூலிஸ்" என்று முகமன் சொன்னால், மற்றவர் "வலர் டொஹைரிஸ்" என்று மறுமொழி சொல்ல வேண்டும். இந்த நான்கு சொற்களை ஒப்பிக்க மட்டும் ஆசை என்றால் செயலியே வேண்டாம், இந்த மதிப்பீட்டின் முதல் பாதியே போதும். அந்த முகமனுக்கு அந்த மறுமொழி ஏன் பொருந்துகிறது, அதே அச்சில் புதிதாக ஒரு வாக்கியம் எப்படி வார்ப்பது என்று தெரிய வேண்டுமா? அப்படியானால் இந்த இலவசப் பாடத்துக்குச் சில வாரம் ஒதுக்கலாம். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறோம்: பயிற்சி தாராளமாகக் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. விளக்கத்துக்கு வேறு இடம் போக வேண்டும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவரைவிடத் தமிழ் வழியாக யோசிக்கிறவருக்கு இந்த மொழி எளிது என்பதையும் பாடம் எங்கேயும் சொல்லாது. அதை நீங்களேதான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சரக்கைப் பற்றி. இந்தப் பாடம் 2017 ஜூலையில் வெளிவந்தது. மொழியை உருவாக்கிய டேவிட் ஜே. பீட்டர்சனே தன்னார்வலர்களோடு சேர்ந்து இதை அமைத்தார். 2022இல் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' என்ற முன்கதைத் தொடர் வந்தபோது பாடம் விரிவாக்கப்பட்டது. பயிற்று மொழி ஆங்கிலம் மட்டுமே. ஸ்பானிஷ், பிரெஞ்சுப் பாடங்களோடு ஒப்பிட்டால் அளவில் மிகச் சிறியது. அங்கே இருக்கும் கதைகள், உரையாடல் வசதிகள் போன்றவற்றை இங்கே எதிர்பார்த்து வரக்கூடாது.

முகமனும் மறுமொழியும்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' உலகில் எஸ்ஸோஸ் கண்டத்தில் வழங்கும் மரபு இது. பிராவோஸ் நகரத்துக் கொலையாளிக் கூட்டமான முகமற்றவர்களோடு சேர்த்துத்தான் பலர் இதை நினைவில் வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் இதற்குத் தரும் பொருள் "எல்லா மனிதரும் செத்தாக வேண்டும்". பதிலுக்குத் தரும் பொருள் "எல்லா மனிதரும் தொண்டு செய்தாக வேண்டும்".

முகமனைத் திருப்பிச் சொல்வது மறுமொழி ஆகாது. "வலர் மொர்கூலிஸ்" என்றவரிடம் நீங்களும் "வலர் மொர்கூலிஸ்" என்றால், நீங்களும் ஒரு முகமனைத் தொடங்கிவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பதாகத்தான் ஆகும். எழுவாய் அப்படியே இருக்க வேண்டும், வினை மட்டும் மாற வேண்டும். முதல் வாக்கியம் முடிவைச் சொல்கிறது. இரண்டாவது, அதுவரை என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. நாடகத்திலோ பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு மேசையிலோ இதைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விடுவது நல்லது. பதில் முந்திக்கொண்டு வந்தால் மனப்பாடம் செய்தது போலத் தெரியும்.

இந்த மொழி பிறந்த விதமே விசித்திரமானது. வழக்கமாக மொழி இருக்கும், அதிலிருந்து வாக்கியம் வரும். இங்கே தலைகீழ். நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இந்த இரண்டு வாக்கியங்களையும் வேறு சில சொற்களையும் மட்டுமே எழுதியிருந்தார், இலக்கணம் எதுவும் இல்லை. தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவம் 2013இல் வந்தபோது நடிகர்கள் நீளமான வசனம் பேச வேண்டியிருந்தது. அதற்காகப் பீட்டர்சன் இந்தச் சில சொற்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து ஒரு முழு இலக்கணத்தைக் கட்டினார். இரண்டு வினைகளும் 'இஸ்' என்று முடிகின்றன, ஆகவே 'இஸ்' ஏதோ ஒன்றைக் குறித்தாக வேண்டும். இரண்டிலும் 'வலர்' இருக்கிறது, ஆகவே அந்த 'ர்' எதையாவது குறித்தாக வேண்டும். ஆக, இந்த முகமனைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மொழியின் முதுகெலும்பே கையில் வந்துவிடும். பாடம் இதைச் செய்து காட்டுவதில்லை என்பதால் இங்கே செய்துவிடுவோம்.

'வல' என்றால் ஓர் ஆள், ஆண். ஹை வலிரியனில் எண் நான்கு வகை. ஒருமை 'வல'. பன்மை 'வலி' (தமிழருக்கு இது மறக்கவே மறக்காது). சிலர் என்று சொல்ல 'வலுன்'. எல்லாரையும் ஒரே தொகுதியாகச் சொல்ல 'வலர்'. ஆக 'வலர்' என்பது பன்மை அல்ல, தொகுதிப் பெயர். இலக்கணப்படி அது ஒருமை, அதனால் வினையும் ஒருமையிலேயே வரும். இதே அச்சில் 'அஃஸன்டிஸ்' என்றால் வீரன், 'அஃஸன்டிர்' என்றால் படை. 'முஞ' என்றால் தாய், 'முஞர்' என்றால் பெற்றோர். (இஸட் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் 'ஃஸ' என்று குறித்திருக்கிறோம்.)

அடுத்தது 'இஸ்'. இது படர்க்கை ஒருமை விகுதி. காலம்தான் கவனிக்க வேண்டியது. இறந்தகாலமும் அல்ல, இப்போது நடந்துகொண்டிருப்பதும் அல்ல. எப்போதும் உண்மையாக இருப்பதைச் சொல்லும் வடிவம். இலக்கண நூல்களில் இதை அயோரிஸ்ட் என்பார்கள். 'மொர்கூல்ஜகொன்' என்றால் சாவது, 'டொஹைரகொன்' என்றால் தொண்டு செய்வது. அவற்றின் அயோரிஸ்ட் வடிவங்கள்தாம் மொர்கூலிஸ், டொஹைரிஸ். ஆங்கில மொழிபெயர்ப்பில் வரும் "மஸ்ட்", அதாவது "ஆக வேண்டும்" என்ற கட்டாயம், மூல வாக்கியத்தில் தனிச் சொல்லாக எங்கும் இல்லை. பொது உண்மையின் தொனியிலிருந்து ஆங்கிலம் அதை ஊகித்துச் சேர்த்துக்கொண்டது.

தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு வடிவம் இருக்கிறது. "சூரியன் கிழக்கே உதிக்கும்" என்கிறோமே, அந்த 'உம்'. எதிர்காலம் போலத் தெரியும், ஆனால் சொல்வது என்றைக்கும் உள்ள நிலையை. அதோடு "ஊர் சிரிக்கும்", "உலகம் பழிக்கும்" என்ற வாக்கியங்களைப் பாருங்கள். சிரிப்பவர்கள் பலர். ஆனால் 'ஊர்' ஒரு தொகுதி, வினை ஒருமை. "ஊர்க்காரர்கள் சிரிக்கும்" என்று சொல்ல முடியாது. செய்யும் என்னும் முற்று பலர்பாலோடு சேராது. எழுவாயைத் தொகுதிப் பெயராக்கினால்தான் அந்த 'உம்' பொருந்தும். வலர் மொர்கூலிஸ் கட்டப்பட்டிருப்பது இந்த விதமாகத்தான். ஆங்கிலம் வழியே வருகிறவர் பல வரி விளக்கம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதை, "ஊர் சிரிக்கும்" என்ற ஒரு தொடர் நமக்குத் தந்துவிடுகிறது.

ஒலிப்பு: தமிழ் ரசிகர்கள் எழுதும் எழுத்து தவறு

தமிழ் ரசிகர்கள் இதை "வலார் மோர்குலிஸ்" என்று எழுதுவதுண்டு. நெடில் வேண்டாத இரண்டு இடத்தில் நெடில், வேண்டிய ஒரே இடத்தில் குறில். சரியான வடிவம் 'வலர் மொர்கூலிஸ்'. 'வலர்' என்பதில் இரண்டு உயிரும் குறில். 'மொ' குறில். 'கூ' மட்டும் நெடில், அழுத்தமும் அங்கேதான். மறுமொழியில் 'டொ' குறில், 'ஹை' மீது அழுத்தம். 'டோஹாரிஸ்', 'டோஹேரிஸ்' இரண்டும் சரியல்ல. அந்த இடத்தில் இருப்பது 'ஐ' போன்ற கூட்டொலி. சொல்லின் நடுவில் வரும் ஐகாரத்தைக் குறுக்கிச் சொல்வது நம் பழக்கம், இங்கே அதைக் குறுக்கக்கூடாது.

'மொர்கூலிஸ்' என்பதில் வரும் க, அழுத்திச் சொல்லும் க அல்ல. 'பகல்' என்று வேகமாகச் சொல்லும்போது தொண்டையில் உரசிக்கொண்டு வருகிறதே, கிட்டத்தட்ட அந்த க. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். நமக்கு வாயில் ஏற்கெனவே இருக்கிறது. 'ர்' நாக்கு அதிர வர வேண்டும், அதுவும் சிரமமில்லை. இரட்டித்த மெய்யும் அப்படித்தான். 'இஸ்ஸ' (இருக்கிறது) என்பதில் இரண்டு ஸ்-உம் கேட்க வேண்டும். 'அவன், அவ்வளவு' என்று வித்தியாசம் காட்டிப் பேசுகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

நமக்கும் சிக்கலாக இருக்கும் ஒலிகள் இரண்டு. ஒன்று, ஆங்கில எழுத்தில் 'ஒய்' என்று எழுதப்படும் உயிர். உதட்டை 'உ' சொல்வது போலக் குவித்து வைத்துக்கொண்டு நாக்கால் 'இ' சொல்ல வேண்டும். சாதாரண முகமனான 'ரிட்ஸஸ்' என்ற சொல்லிலேயே இது வந்துவிடுகிறது, இங்கே 'ரி' என்று எழுதுவது எழுத்துக்கு வழியில்லாமல்தான். மற்றொன்று 'க்யூ' எழுத்து. உள்நாக்குக்கு அருகிலிருந்து வரும் க. உருதுச் சொற்களைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பழக்கமிருக்கும்.

பாடத்துக்குள் என்ன இருக்கிறது

தொடக்கப் பாடங்களில் ஆள், பெண், தாய், தந்தை போன்ற எளிய பெயர்களும் அன்றாட முகமன்களும் வருகின்றன. சாவையும் தொண்டையும் சொல்லும் சடங்கு முகமனைவிட இந்த அன்றாடச் சொற்கள்தாம் படிக்கிறவருக்கு உடனடிப் பயன். 'ரிட்ஸஸ்' என்றால் வணக்கம், பதிலும் அதேதான். 'கெரொஸ் இலஸ்' என்றால் போய் வருகிறேன். 'கிரிம்வொஸெ' என்றால் நன்றி. 'ஸ்கொர்கிடொஸொ க்லைஸா?' என்று கேட்டால் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதாகப் பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "எப்படி வாழ்கிறாய்?". கடைசியில் வரும் 'ஆ' முன்னிலை விகுதி. 'க்லைஸன்' என்றால் 'வாழ்கிறேன்'. 'அன்' அங்கே தன்மை விகுதி, தமிழ்ப் பழக்கத்தில் அதை 'அவன்' என்று படித்துவிடக்கூடாது. இது நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. இரண்டாம் நாளே இதை மனதில் திருத்திக்கொள்ளுங்கள்.

நான், நீ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வினை விகுதியே சொல்லிவிடும். வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். 'இல்லை' என்னும் 'டவொர்' வினைக்கும் பிறகு வரும். ஆங்கிலம் பேசுகிறவர் இந்த மூன்றுக்கும் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். தமிழில் யோசிக்கிறவருக்கு எதையும் புரட்ட வேண்டாம். 'வந்த மனிதன்' என்று பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருவது போலவே, ஹை வலிரியனிலும் அந்த முழு எச்சத் தொடரும் பெயருக்கு முன்னால் வரும். பின்னால் வரும் பாடங்களில் ஆங்கிலம் வழிப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் அது. நாம் கவனிக்காமலேயே கடந்துவிடுவோம்.

உறவுமுறைச் சொற்கள் வரும்போது இன்னும் சுகம். அண்ணன் 'லேகிய', தம்பி 'வலொன்கர்', அக்கா 'மன்டிய', தங்கை 'ஹைடர்'. நாலுக்கும் தனித்தனிச் சொல். செயலி கேட்கும் ஆங்கில விடையில்தான் 'எல்டர்', 'யங்கர்' என்று முன்னொட்டு சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும். மனதில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு அண்ணன், தம்பி என்றே பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

வேற்றுமை எட்டு. தமிழிலும் விளியையும் சேர்த்து எட்டு. 'வல' என்ற பெயரை எடுத்துக்கொண்டால் எழுவாய் 'வல', இரண்டாம் வேற்றுமை 'வலெ' (ஆளை), உடைமைக்கு 'வலொ' (ஆளுடைய), கொடைக்கு 'வலொட்' (ஆளுக்கு), இடத்துக்கு 'வலா' (ஆளிடத்தில்), கருவிக்கு 'வலொஸ' (ஆளால்), உடனிகழ்ச்சிக்கு 'வலொம' (ஆளோடு), விளிக்கு 'வலுஸ்' (ஆளே!). நம் மூன்றாம் வேற்றுமையில் ஆல், ஓடு இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. இங்கே அதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பதிலுக்கு நம் ஐந்தாம் வேற்றுமை இங்கே இல்லை. 'இருந்து' என்று சொல்ல 'ஹென்' என்ற தனிச் சொல் பெயருக்கு முன்னால் வரும். இந்த ஒரு வரிசையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் எல்லாப் பெயரும் இப்படியே ஓடாது. வேறு வகைப் பெயர்களில் உருபுகள் மாறும், சிலவற்றில் இரண்டு வேற்றுமைக்கு ஒரே வடிவம் வரும்.

தமிழர்க்கும் கால் இடறும் இடம் பால். இங்கே நான்கு பால், எல்லாம் பெரும்பாலும் சொல்லின் ஈற்றைப் பார்த்து முடிவாகிறது. பொருளைப் பார்த்து முடிவு செய்வது நம் உயர்திணை, அஃறிணை வழக்கம். அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் ஒன்றுமே புரியாது. சந்திரப் பால் பெயர்கள் உயிரில் முடியும், சூரியப் பால் 'ஸ்'-இல், மண் பால் 'ன்'-இல், நீர்ப் பால் 'ர்'-இல். மனப்பாடம் செய்ய ஒரு வழி உண்டு: நிலவுக்குச் சொல் 'ஹூர', சூரியனுக்கு 'வேஃஸொஸ்', நிலத்துக்கு 'டெகொன்', கடலுக்கு 'எம்பர்'. ஒவ்வொன்றும் தன் பெயர் கொண்ட பாலிலேயே இருக்கிறது. டிராகனுக்குச் சொல் 'ஃஸல்ட்ரீஃஸெஸ்', ஈற்றைப் பார்த்தாலே அது சூரியப் பால் என்று தெரிந்துவிடும். பெயரடை பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப மாறுவதால் பாலைத் தவறவிட்டால் வாக்கியமே தவறும்.

இங்கேதான் 'வலர்' மீண்டும் வில்லங்கம் செய்கிறது. 'எம்பர்' என்பதும் 'ர்'-இல் முடிகிறது, 'வலர்' என்பதும் 'ர்'-இல் முடிகிறது. முதலாவது வெறும் ஒருமை, ஒரு கடல். இரண்டாவது தொகுதி. ஈற்றை மட்டும் பார்த்து 'ர்' என்றாலே 'எல்லாரும்' என்று முடிவு கட்டக்கூடாது. அதற்கு எதிரான பிழையும் உண்டு: 'வலர்' எல்லாரையும் குறிப்பதால் வினையைப் பன்மையில் போடுவது. 'இஸ்ஸ' என்றால் இருக்கிறது, 'இஸ்ஸி' என்றால் இருக்கிறார்கள். 'வலி' என்ற பன்மையோடு 'இஸ்ஸி' வரும். 'வலர்' என்றால் 'இஸ்ஸ' மட்டுமே. ஐயம் வந்தால் "ஊர் சிரிக்கும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலி எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது

டுவோலிங்கோவின் பொதுவான குறை இந்தப் பாடத்தில் கூடுதலாக உறுத்துகிறது. சொற்கட்டைகளைத் தட்டி வாக்கியம் அமைக்கும் பயிற்சியில், திரையில் இருக்கும் கட்டைகளே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். 'வலெ' ஒன்றுதான் கட்டையில் இருக்கிறது என்றால் 'வலொ'வா 'வலெ'யா என்று யோசிக்க வேண்டிய தேவையே வராது. விகுதியில் உயிர் வாழும் மொழிக்கு இது விஷம். கணினியில் இணையதளம் வழியாகப் படித்தால் கட்டைகளுக்குப் பதில் தட்டச்சு செய்யும் வசதியைத் தேர்ந்துகொள்ளலாம். வேகம் குறையும், பிழை கூடும், ஆனால் கற்பது அப்போதுதான்.

தட்டச்சு செய்யும்போது இன்னொரு பொறி. நெடிலைக் குறிக்க எழுத்தின் மேல் கோடு போட வேண்டும். கோட்டை விட்டுவிட்டாலும் இந்தச் செயலி பொதுவாகப் பெருந்தன்மையாகச் சரி என்று விட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு சிறு குறிப்பைக் காட்டும். அந்தப் பெருந்தன்மையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். மேலே கொடுத்த வரிசையில் 'வல', 'வலா' இரண்டையும் பாருங்கள். ஒன்று எழுவாய், மற்றது இடவேற்றுமை, வேறுபாடு கோடு ஒன்றுதான். கல், கால் வேறுபாடு தெரிந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விரல் சோம்பலில் பழகிவிட்டால் கண்ணும் கோட்டைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

ஆங்கில விடை எழுதும் பயிற்சியில் தமிழர்கள் புள்ளிகளை இழப்பது வலிரியனால் அல்ல, ஆங்கிலத்தின் 'எ', 'தி' ஆகியவற்றால். ஹை வலிரியனில் அவை கிடையாது, தமிழிலும் கிடையாது. ஆங்கிலத்தில் கட்டாயம். 'ஆள் வருகிறான்' என்பதை ஆங்கிலமாக்கும்போது முன்னால் எதையாவது போட்டுத்தான் ஆக வேண்டும். விட்டால் மொழி தெரிந்தும் பிழை விழும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் ஒருமுறை பழக்கப்படுத்திக்கொண்டால் தீர்ந்தது.

விளக்கக் குறைபாடுதான் பெரிய சங்கடம். முன்பு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே பயனர்கள் விவாதிக்க இடம் இருந்தது. "இங்கே ஏன் ஒருமை வினை?" என்று ஒருவர் கேட்டால் தெரிந்தவர் வந்து பதில் சொல்வார். 2022இல் டுவோலிங்கோ மன்றங்களை மூடியது. அதே ஆண்டு பாடங்களின் அமைப்பும் கிளை கிளையான மரத்திலிருந்து ஒற்றைத் தடமாக மாறியது. பெரிய மொழிகளுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. எட்டு வேற்றுமை, நான்கு எண், நான்கு பால் உள்ள ஒரு சிறு பாடத்துக்கு, பிழை எங்கே என்று மட்டும் காட்டி ஏன் என்று சொல்லாமல் விடுவது படிக்கிறவரை ஊகத்தில் தள்ளிவிடும்.

இதற்கு மருந்து 'டங்ஸ் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்ற விக்கி. பெயர்ச்சொல் வகைப்பாடு, வினைத்திரிபு அட்டவணை, சொல்லகராதி எல்லாம் அங்கே இருக்கின்றன. பாடத்தையும் விக்கியையும் அருகருகே வைத்துப் படிக்கிறவருக்கு இரண்டும் உருப்படியாகப் பயன்படும். வெறும் விக்கியை மட்டும் படித்தால் அட்டவணை தலைக்குள் ஏறும், வாக்கியம் வாயில் வராது. வெறும் பாடத்தை மட்டும் படித்தால் வாக்கியம் வரும், புதிதாக ஒன்று சொல்ல வராது.

படிக்கும் முறைக்கு ஒரு பரிந்துரை. நாளுக்கு ஒரு பாடம், அதற்குமேல் ஓட வேண்டாம். புதிதாக ஒரு பெயர் வந்தால் நோட்டில் மூன்று விவரம்: ஈறு, பால், பன்மை. புதிதாக ஒரு வினை வந்தால் தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமை மூன்றும். வாரம் ஒருமுறை விக்கியில் ஒரே ஓர் அட்டவணையைத் திறந்து, அந்த வாரத்தில் வந்த சொற்களை அதில் பொருத்திப் பாருங்கள். புள்ளிப் பட்டியலில் மேலே ஏற வேண்டுமென்று பழைய எளிய பாடங்களையே திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள் உண்டு. புள்ளி ஏறும், மொழி அங்கேயே நிற்கும். இந்தப் பாடம் சிறியது என்பதால் அந்த ஓட்டம் சீக்கிரமே அர்த்தமற்றுப் போய்விடும்.

கட்டணச் சந்தா இதற்காக மட்டும் வேண்டாம். விளம்பரம் போகும், பயிற்சிக்கு விதிக்கும் வரம்பு தளரும். விளக்கம் கூடாது, பாடமும் நீளாது. வேறு மொழிக்காகச் சந்தா ஏற்கெனவே இருந்தால் அது வேறு கதை.

தொடரில் அடிமை வணிகர் நகரமான அஸ்டபோரில் பேசும் மொழி புரிய வேண்டும் என்று இந்தப் பாடத்துக்கு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அங்கே பேசுவது அஸ்டபோரி வலிரியன், பழைய மொழியிலிருந்து பிறந்த பேச்சு மொழி. நெடில், குறில் வேறுபாடு அதில் தேய்ந்துவிட்டது, இலக்கணமும் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஹை வலிரியன் அதற்கு மூதாதை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொற்கள் பிடிபடும், உரையாடல் பிடிபடாது.

கற்பனை உலக விளையாட்டு நடத்துகிறவர்களுக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பாடம் உருப்படியாகத் தருவது, தங்களுக்கென்று ஒரு முகமன், மறுமொழி ஜோடியை வார்க்கும் திறன். வழி இது. தொகுதிப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், 'வலர்' அல்லது 'அஃஸன்டிர்'. இரண்டு வாக்கியத்திலும் அதுவே எழுவாயாக நிற்கட்டும். வினைகள் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டும். எதிர்ச்சொல்லாக இருந்தால் சண்டை போடுவது போல ஒலிக்கும். இரண்டையும் அயோரிஸ்ட் படர்க்கை ஒருமையில் வையுங்கள், 'இஸ்' ஓசை இரண்டிலும் விழுந்தால்தான் ஜோடி என்று காது ஏற்கும். 'க்லைஸகொன்' (வாழ்வது) என்பதை 'டொஹைரகொன்' போல எடுத்துக்கொண்டால் 'வலர் க்லைஸிஸ்' என்று வரும். ஆனால் வினையடி எந்த ஒலியில் முடிகிறது என்பதைப் பொறுத்து திரிபு மாறக்கூடியது, 'மொர்கூல்ஜகொன்' என்பதிலிருந்த 'ஜ' மொர்கூலிஸில் காணாமல் போனதே அதற்குச் சாட்சி. ஆகவே மேசைக்குக் கொண்டுபோகும் முன் விக்கியின் வினை அட்டவணையில் ஒருமுறை சரிபாருங்கள். முகமனைச் சொல்லும் பாத்திரத்துக்கு ஒரு தாளும், மறுமொழி சொல்லும் பாத்திரத்துக்கு வேறொரு தாளும் கொடுங்கள். நெடில் வரும் எழுத்தின் அடியில் கோடு போட்டுக் கொடுத்தால் முதல் ஒத்திகையிலேயே சரியாக வரும்.